பூமேசோவின் பச்சைப் புத்தகம்

பூமேசோவிடம் நான் முதன்முதலில் பேசியது ஸ்கோர் மேசையில். 2003 டிசம்பர். ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் மாவுலேனி கிராமத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. என் அப்பா பெயரெழுதத் தெரியாமல் பெருவிரல் வைத்தவர். படித்தவன் வந்துவிட்டான் என்று கிரிக்கெட் கிளப்பின் ஸ்கோர் நோட்டையும் பென்சிலையும் என் கையில் திணித்துவிட்டார்கள். 'டிகிரி' என்ற பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. பட்டம் வாங்க இன்னும் மூன்று வருடம் இருந்தது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூமேசோ மேசைக்கு வந்தார். எங்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரர். சுரங்கத்தில் வேலை, டிசம்பருக்கு டிசம்பர்தான் ஊர். தூரத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என் பேர்ல ஒரு ரன்னு அதிகமா எழுதியிருக்க" என்றார்.

நான் நோட்டைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஸ்கோர் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றிரண்டு கூட்டிப் போடச் சொல்லித்தான் வருவார்கள்.

"அம்பயர் ரன்னுதான்னு காட்டினாரே பூத்தி" என்றேன். மூத்தவர்களை நாங்கள் அண்ணன் என்ற பொருளில் பூத்தி என்போம்.

"அம்பயருக்கு என்ன தெரியும். அடி வாங்குனது என் காலு. மட்டையில படவே இல்ல, வெட்டிடு."

வெட்டினேன். நாற்பது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஆறு டிசம்பர்களில் அவரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். மாடு மேய்த்த வயதில் தைல மரப் பலகையைச் செதுக்கி மட்டை செய்திருக்கிறார். டயர் துண்டைச் சுற்றி கம்பளி நூலும் அதற்கு மேல் கிழிந்த காலுறையும் கட்டினால் பந்து. அதைவிட்டால் ஊரில் அப்போது வேறு பந்து கிடையாது. இருபது வயதில், வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் ரஸ்டன்பர்க்குக்குப் போனார். பிளாட்டினச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை. சுரங்கக் கம்பெனி அவரை நேரடியாக எடுக்கவில்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக் கால்பந்துத் திடலின் ஒரு மூலையில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார்களாம். மற்றவர்கள் சுற்றி நின்று கேலி செய்வார்கள். வெள்ளைக்காரன் விளையாட்டை நீ எதுக்குடா ஆடுற என்று ஒருவன் கேட்டதற்கு பூமேசோ சொன்ன பதில் எங்கள் ஊரில் பிரபலம்: "எங்க தாத்தாவோட அப்பா ஆடுனது இது. உங்க தாத்தாவோட அப்பா அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டுக்காக வரிசையில் நிற்கும்போது கையில் எது இருக்கிறதோ அதை மட்டைபோலப் பிடித்து, வராத பந்தைத் தடுத்துக்கொண்டிருப்பாராம். மேஸ்திரி அவரைப் பைத்தியம் என்று கூப்பிட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஒவ்வொரு டிசம்பரும் அவரால் ஊருக்கு வர முடிந்ததற்குக் காரணம் அந்த ஒப்பந்தக்காரர்தான். வருடம் முழுக்க வேலை வாங்கிவிட்டு டிசம்பர் பதினான்காம் தேதி எல்லோரையும் நிறுத்திவிடுவார். ஜனவரி நடுவில் மறுபடியும் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். பதினான்கு வருடமாக பூமேசோ புது ஆள்தான். நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு முறை வைத்துத்தான் விடுப்பு, பல பேருக்கு டிசம்பர் கிடைக்காது. அதாவது, அவர் பிழைப்பு உருப்படாமல் இருந்ததால்தான் மாவுலேனிக்குத் தொடக்க ஆட்டக்காரர் கிடைத்தார். இதை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியும். அவர் மனைவி வாத்திஸ்வாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நிரந்தரமானால் சுரங்கம் வீடு கொடுக்கும், அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவரோடு போய் இருக்கலாம். அவள் வருடா வருடம் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

இனி நான் எழுதிய விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் பதினாறு கிராமங்கள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி இரண்டு வரை போட்டி நடத்துவது வழக்கம். நகரத்திலிருந்து பெரிய ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து, சித்தப்பா மகன், அத்தை மகன் என்று சொல்லி இறக்குவதும் வழக்கமாகிவிட்டது. ஒரே ஆள் காலையில் ஒரு ஊருக்கும் மாலையில் வேறு ஊருக்கும் ஆடியதுகூட நடந்திருக்கிறது. 2006இல் பட்டம் வாங்கியதும் நான் கமிட்டிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். ஆடுகிற ஒவ்வொருவரும் அரசாங்கம் கொடுத்த தன் பச்சை அடையாளப் புத்தகத்தைப் போட்டி தொடங்கும் முன் கமிட்டிச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்து வீசப்படும்வரை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. இடையில் ஒரு புத்தகம் வெளியே போனாலும் அந்த அணி போட்டியிலிருந்து நீக்கப்படும். ஏழாவது விதி. நானே தட்டச்சு செய்தேன். கூட்டத்தில் வாசித்தபோது பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் அப்பா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

2009 டிசம்பரில் மாவுலேனி அரையிறுதிக்கு வந்தது. இருபத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பூமேசோ என்னை ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். சுரங்க அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது. நிரந்தர வேலை. ஜனவரி நான்கு, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு அசல் அடையாளப் புத்தகத்தோடு நேரில் வர வேண்டும். நகல் செல்லாது. வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. இறுதி ஆட்டம் எப்போது முடியும் என்று கேட்டார். சனிக்கிழமை, இரண்டாம் தேதி, சாயங்காலம் ஐந்துக்குள் புத்தகம் உங்கள் கையில் என்றேன். கிங் வில்லியம்ஸ் டவுனில் ஞாயிறு மதியம் இரண்டரைக்குப் பேருந்து, விடியும் முன் ரஸ்டன்பர்க். தாராளமாக நேரம் இருக்கிறது என்று விரல் விட்டுக் காட்டினேன். அவர் அன்றைக்கே ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்து, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள், ஒருத்தன் பிழைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஜனவரி வரை பொறுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அரையிறுதியில் ஜெயித்தோம். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு மாவுலேனி இறுதி ஆட்டத்தில். ஊரே சேர்ந்து ஒரு காளையை அறுத்தது.

இரண்டாம் தேதி விடியும்போதே மழை. நிற்கவே இல்லை. மதியம் மூன்று மணிக்கு, ஆட்டம் நாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று கமிட்டி அறிவித்தது. பூமேசோவும் நானும் எங்கள் கேப்டன் சோலிலேயும் நனைந்துகொண்டே செயலாளர் மனேலி வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஊரே அவரை அப்பா என்ற பொருளில் தாட்டா என்று கூப்பிடும். புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டி அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது, சாவி அவர் கழுத்தில். சுரங்க அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் போட்டுப் பார்த்தோம். சனிக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

மனேலி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து விதித் தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏழாவது விதியை முழுசாக வாசித்தார். என் வாக்கியங்களை அவர் குரலில் கேட்க எனக்கு உடம்பு கூசியது.

"இதுல 'எக்காரணம் கொண்டும்'னு இருக்கே, அது யார் போட்டது டிகிரி?"

"நான்தான் தாட்டா."

"கமிட்டி வேண்டாம்னுதான் சொல்லிச்சு. சாவு, கல்யாணம்னு ஏதாவது வரும்னு நானே சொன்னேன். நீதான், அப்படி விட்டா எல்லாரும் ஒரு சாவைக் கொண்டு வருவாங்கன்னு சொன்ன." அவர் சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "பேலே, உன் புத்தகம், உன் வயித்துப் பாடு. கேட்டா குடுத்திடுறேன். குடுத்த கையோட மாவுலேனி பேர அடிச்சிடுவேன். அடிக்கலன்னா நாளைக்கு பதினாறு ஊரும் என் வாசல்ல நிக்கும்."

பேலே என்பது பூமேசோவின் குலப்பெயர். மதிப்பாகப் பேசும்போது அப்படித்தான் கூப்பிடுவோம்.

சோலிலே சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நீ எடுத்துக்கிட்டுப் போ பேலே. ஊர்ல ஒருத்தனும் உன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நான் பார்த்துக்கிறேன்."

சோலிலே திட்டியிருந்தால் பூமேசோ எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. நாளைக்கு ஆடிட்டுப் பஸ்ஸப் பிடிக்க முடியுமா?"

மனேலியின் மேசையிலேயே பென்சிலால் கணக்குப் போட்டேன். ஒன்பது மணிக்குத் தொடக்கம். அணிக்கு முப்பது ஓவர். ஓர் ஓவருக்கு மூன்றரை நிமிடம் வைத்தாலும் ஒரு அணிக்கு ஒரு மணி முக்கால். இடையில் பத்து நிமிடம். பன்னிரண்டு நாற்பதுக்கு முடிந்துவிடும். கிங் வில்லியம்ஸ் டவுனுக்கு ஐம்பது நிமிட ஓட்டம். ஒன்றரைக்குக் கிளம்பினால்கூடப் போதும்.

"முடியும் பூத்தி" என்றேன். தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் எதை விட்டேன் என்று மறுநாள் காலை எட்டே முக்காலுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பதினாறு ஊர் ஜனமும் திடலில் இருந்ததால், பாதிரியார் தேவாலயத்தையே திடலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ஞாயிறு ஜெபம் இல்லாமல் இங்கே ஒரு பந்துகூட உருளாது என்பது மேய்கிற ஆட்டுக்கும் தெரியும். என் கணக்கில் கடவுளுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

பிரசங்கம், பாட்டு, மறுபடியும் பிரசங்கம். அதற்குப் பிறகு ஊர்த் தலைவரின் ஆள் எங்கள் பக்கத்து வழக்கப்படி இரு அணியையும் கோட்டும் டையுமாக வரிசையில் நிற்க வைத்து வரவேற்பு உரை. பத்து இருபத்தைந்துக்குத்தான் முதல் பந்து. பூமேசோ ஃபீல்டிங் செய்தபோது ஓவர் முடிந்த ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடினார். மற்றவர்களையும் ஓடச் சொல்லிக் கையைத் தட்டினார். எதிரணிக்காரன் ஒருவன், என்ன பேலே, கக்கூஸ் அவசரமா என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர்கள் 138 எடுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு இருபது. நான் நேரே அம்பயர்களிடம் போய் உடனே தொடங்கலாமா என்று கேட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாவுலேனிப் பெண்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்த காளைக் கறியும் சோளமும் பயறும் இஞ்சிப் பானமும் பந்தலில் தயாராக இருந்தன. வந்த ஊரைச் சாப்பிட வைக்காமல் நம் ஊர் மட்டை பிடிப்பதா? என் பெரியம்மாவே கரண்டியோடு வந்து, படிச்சா மரியாதை மறந்து போகுமாடா என்று கேட்டாள்.

பூமேசோ சாப்பிடவில்லை. பந்தலுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து பேடு கட்டிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"டிகிரி" என்றார் மெதுவாக. "நாங்க இருபது முப்பது ரன்னுல சுருண்டுட்டா, எத்தனை மணிக்கு முடியும்?"

எனக்கு உடனே புரிந்தது. தோற்பதுதான் சீக்கிரமான வழி. அவர் முதல் ஓவரிலேயே வெளியேறிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தாங்க மாட்டார்கள்.

"ஒன்றரைக்கு முடிஞ்சிரும் பூத்தி."

அவர் பேடின் வாரை இழுத்து மாட்டப் பார்த்தார். கொக்கியில் நுழையவில்லை. நான் மாட்டிவிட்டேன். அவர் பந்தல் பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேக்கல. நீயும் சொல்லல" என்று எழுந்து போனார்.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. மனுஷன் ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடித்தார். ஜனம் எழுந்து ஆடியது, பெண்கள் குலவை போட்டார்கள். பூமேசோ மீது சாமி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் சோலிலேக்கும் மனேலிக்கும் வாத்திஸ்வாவுக்கும் மட்டும்தான் அவர் கடிகாரத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.

எங்கள் திடலின் கிழக்கே முள் காடு. பந்து ஒன்றுதான். ஆறாவது ஓவரில் அவர் அடித்த சிக்ஸர் முள் காட்டுக்கு நடுவில் விழுந்தது. ஆட்டம் நின்றது. பதினொரு பேரும் தேடினார்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பூமேசோவே மட்டையைப் போட்டுவிட்டு, பேடோடு ஓடி முள்ளுக்குள் புகுந்தார். மட்டை பிடிப்பவன் பந்து பொறுக்குவதைப் பார்த்து ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏழு நிமிடம். திரும்பி வந்தபோது முழங்கையில் ரத்தம். இரண்டு ஓவர் கழித்து மறுபடியும் அதே பக்கம், இந்த முறை பன்னிரண்டு நிமிடம். ஓடியெடுத்தால் ஓவர் இழுக்கும், தூக்கியடித்தால் பந்து காணாமல் போகும். அவருக்கு வேறு வழி இல்லை.

நான் மனேலியிடம் போனேன். ஒன்று முப்பத்தைந்து. பெட்டி அவர் காலடியில். புத்தகத்தை இப்போதே கொடுங்கள் தாட்டா, அவுட் ஆன உடனே கிளம்பட்டும் என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் எதிரணிப் பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, ஆட்டம் முடிந்ததும் தேட வேண்டாம் என்று பூமேசோவின் புத்தகத்தை மேலே எடுத்து வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஜெயித்தோம். பூமேசோ 97, அவுட் இல்லை. அவரைத் தூக்க ஓடிவந்தவர்களைத் தள்ளிக்கொண்டு நேரே மனேலியிடம் ஓடினார். புத்தகத்தைப் பறித்துக்கொண்டு, வாத்திஸ்வா கையிலிருந்து பையையும் வாங்கிக்கொண்டு, எதிரணிக்காரர் ஒருவரின் வண்டியில் ஏறினார். பேடைக் கழற்றியதே வண்டிக்குள்தான். நானும் ஏறினேன். வண்டிக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும், இதை நேத்தே சொல்லியிருந்தா நாங்களே ஏதாவது பண்ணியிருப்போமேடா என்றார். எங்கள் ஊரில் விஷயம் தெரிந்த ஒருவருக்கும் எதிரணியிடம் போய்க் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

கிங் வில்லியம்ஸ் டவுனுக்கு இரண்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பேருந்து நேரத்துக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கிளம்பியிருந்தது. குவீன்ஸ்டவுன் வரை துரத்தினோம், பிடிக்க முடியவில்லை. அங்கே ஜோஹன்னஸ்பர்க் போகும் மினிபஸ் ஒன்று நின்றது. பதினைந்து பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். ஏழு பேர் இருந்தார்கள். பூமேசோ ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்போது ஆறே கால். ஜெயித்ததைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஒன்பது இருபதுக்கு வந்தேன் டிகிரி. எட்டு மணிக்கே அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்களாம்."

மேனேஜரைப் பார்த்துப் பேசச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நான் எழுதி ஃபேக்ஸ் அனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம். நீ எதுவும் எழுதாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஒப்பந்தக்காரரிடம் போயிருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. பத்து நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். ஊரில் அவருக்கு மாலை போடக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள், பேச எழுந்த சோலிலே பாராட்டுரைக்குப் பதிலாக நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. வாத்திஸ்வா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மார்ச்சில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் எலிசபெத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் ஏழாவது விதியை நீக்க நானே தீர்மானம் கொண்டுவந்தேன். பத்து நிமிடத்தில் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் டீ போட்டுக் கொடுத்து, என் வேலையைப் பற்றியும் என் பிள்ளையைப் பற்றியும் விசாரித்து அனுப்பினார். நான் கேட்க வந்ததைக் கேட்க விடவில்லை.

பூமேசோவுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. மாவுலேனியில் கீழ்த் தெரு வீட்டில் தனியாக இருக்கிறார். மிடில்ட்ரிஃப்ட் சாலை ஓரத்தில் புல் வெட்டும் கூட்டத்தில் மாதத்துக்கு எட்டு நாள் வேலை கிடைக்கிறது. சுரங்கத் தூசியால் மூச்சு வாங்குகிறது, மேட்டில் ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. பெண்கள் இருவரும் போர்ட் எலிசபெத்திலேயே வேலை பார்க்கிறார்கள், ஈஸ்டருக்கு வந்து போவார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் மட்டை பிடிக்கவில்லை.